டிரம்ஹெல்லருக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: நான் பெரம்பலூர் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவருக்குச் சில வருடங்களுக்கு முன்பு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஜூன் கடைசியில் கனடாவில் கால்கரியில் இருக்கும் மகன் வீட்டுக்கு இருவரும் போகிறோம். ஆகஸ்ட் முடியும் வரை இருப்போம். எட்டு வயதுப் பேத்திக்கு டைனோசர் என்றால் உயிர். டிரம்ஹெல்லர் என்ற சிற்றூருக்கு எங்களை அழைத்துப்போக வேண்டும் என்று இப்போதே அடம்பிடிக்கிறாள். மகனோ, "அங்கே ஒரு மியூசியம் இருக்கிறது, சுற்றிலும் மொட்டைப் பாறை. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். இல்லாவிட்டால் மலைப்பக்கம் பான்ஃபுக்கு இன்னொரு தடவை போகலாம்" என்கிறான். ஒரு நாள் போதுமா? முழங்காலை வைத்துக்கொண்டு என் கணவர் அங்கே எதைப் பார்க்க முடியும்? நாங்கள் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது? பேத்தி ஓர் எலும்புத் துண்டாவது எடுத்துவர வேண்டும் என்கிறாள். அது சரியா?

— ஒரு வாசகி

பதில்:

ஆசிரியை அம்மா அவர்களுக்கு வணக்கம்.

ஒரு நாள் போதாது. ஓர் இரவாவது அங்கே தங்குங்கள். முடிந்தால் இரண்டு இரவு தங்குங்கள். குடும்பங்களுக்குப் பயணம் ஏற்பாடு செய்து கொடுப்பதும் கூடவே போய்ச் சுற்றிக் காட்டுவதும் என் தொழில். கால்கரி இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பாதிப்பேர் அவசரத்தில் பார்த்துக் கெடுத்துக்கொள்ளும் ஊர் எது என்று கேட்டால், யோசிக்காமல் டிரம்ஹெல்லர் என்று சொல்வேன்.

உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. ராயல் டிரெல் மியூசியம் என்ற அந்த டைனோசர் மியூசியம் மட்டும் போதுமென்றால் ஒரு பகல் போதும். கால்கரியிலிருந்து ஏறக்குறைய 135 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். ஆனால் அந்த மியூசியம் ஏன் கால்கரியிலோ எட்மண்டனிலோ இல்லாமல் ஏறக்குறைய எட்டாயிரம் பேரே உள்ள ஒரு சின்ன ஊரின் ஓரத்தில் நிற்கிறது? அதற்கான பதில் அவர் "மொட்டைப் பாறை" என்று தள்ளிவிடும் இடத்தில்தான் இருக்கிறது. பாறையைப் பார்க்காமல் நேராக மியூசியத்துக்குள் நுழைகிற குழந்தை, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் எலும்பைப் பார்த்து வியந்துவிட்டுத் திரும்பிவிடும். முந்தின நாளே பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு வருகிற குழந்தை ஒவ்வொரு எலும்பின் முன்னாலும் நின்று, "இது எந்த அடுக்கிலிருந்து வந்தது?" என்று கேட்கும். இந்த வேறுபாட்டை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். ஆகையால் என் யோசனை இதுதான்: முதல் நாள் நிலம், மறுநாள் மியூசியம்.

உங்களுக்கு இதை விளக்குவது எளிது. சாத்தனூர் கல்மரத்துக்கு எத்தனையோ முறை மாணவர்களை அழைத்துப் போயிருப்பீர்கள். காரை கிராமத்துப் பக்கம், மழைநீர் அரித்து அரித்து வரிவரியாகப் பிளந்து கிடக்கும் அந்தச் செம்மண் மேடுகளையும் பார்த்திருப்பீர்கள். கடல் உயிர்களின் ஓடுகள் அங்கே மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். அதுவும் டிரம்ஹெல்லரும் டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டமான கிரெட்டேசியஸ் காலத்தைச் சேர்ந்தவை. உங்கள் ஊரில் இருப்பது அந்தக் காலத்துக் கடலின் அடித்தரை. டிரம்ஹெல்லரில் இருப்பதோ, அதே காலத்தின் பிற்பகுதியில் வட அமெரிக்காவின் நடுவே புகுந்திருந்த ஓர் உள்நாட்டுக் கடலின் கரை. ஆறுகள் வந்து சேர்ந்த கழிமுகம், சதுப்பு, காடு, அவற்றில் திரிந்த டைனோசர்கள். விமானம் ஏறுவதற்கு முன்பு பேத்தியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, காரையைப் பற்றியும் கல்மரத்தைப் பற்றியும் நீங்களே சொல்லுங்கள். டிரம்ஹெல்லருக்கு அவள்தான் உங்களை அழைத்துப்போகிறாள் என்றாலும், அவளுக்குச் சொல்ல உங்களிடம் பாதிக் கதை இருக்கிறது.

இனி வழியைச் சொல்கிறேன். கால்கரியைத் தாண்டியதும் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமையும் கடுகுச் செடியின் இனமான கனோலாவும்தான். ஜூலையில் கனோலா பூத்திருக்கும். வழி நெடுக மஞ்சள். மலை இல்லை, மேடு இல்லை. ஒன்பதாம் எண் நெடுஞ்சாலையில் டிரம்ஹெல்லருக்கு 17 கிலோமீட்டர் இருக்கும்போது ஹார்ஸ்ஷூ கேன்யன் என்று பலகை வரும். அங்கே கட்டாயம் வண்டியை நிறுத்துங்கள். வண்டி நிறுத்தச் சிறு கட்டணம் கேட்பார்கள். காரிலிருந்து இறங்கிச் சில அடி நடந்தால், அதுவரை சமதளமாக வந்த பூமி உங்கள் காலடியில் சட்டென்று இறங்கிவிடும். எந்த முன்னறிவிப்பும் இருக்காது. பார்வை மேடையிலிருந்தே முழுவதையும் பார்க்கலாம். உங்கள் கணவர் கீழே இறங்க வேண்டியதில்லை.

அந்த மேடையில் அவசரப்படாமல் நில்லுங்கள். எதிர்ச் சுவரில் வெளிர் சாம்பல், பழுப்பு, துருச் சிவப்பு என்று பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போகும். வெளிர் நிறப் பட்டை மணற்கல். பழைய ஆறுகள் கொண்டுவந்து போட்டது. இருண்ட பட்டை களிமண் பாறை. வெள்ளம் பரவிப் படிந்தது. இவற்றுக்கு இடையே கறுப்பாக, மையால் கோடு இழுத்தது போல ஒன்று ஓடும். அது நிலக்கரி; சதுப்பு நிலத்துத் தாவரங்கள் மக்கி இறுகியது. இந்த அடுக்குகளுக்கு வயது ஏழு கோடி வருடங்களைச் சுற்றி. இவை படிந்தது அவ்வளவு காலத்துக்கு முன்பு என்றாலும், அவற்றை வெட்டித் திறந்தது அண்மைக் காலம்தான். கடைசிப் பனியூழி முடிந்து பனிப்பாறைகள் உருகியபோது பெருகி ஓடிய நீர், பத்து பதினைந்தாயிரம் வருடங்களுக்கு முன்பு இந்தப் பள்ளத்தாக்கை அறுத்துவிட்டது. இன்றும் ஒவ்வொரு மழையும் கொஞ்சம் அரிக்கிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கேயோ ஓர் எலும்பு முனை வெளியே தெரிகிறது. டிரம்ஹெல்லரில் புதிய கண்டுபிடிப்புகள் ஓயாமல் வருவதற்கு அதுதான் காரணம்.

அந்தக் கறுப்புக் கோட்டைப் பேத்தியிடம் காட்டி இதைச் சொல்லுங்கள். 1884ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜோசப் பர் டிரெல் என்ற இருபத்தைந்து வயது இளைஞர் இந்தப் பகுதிக்கு வந்தார். கனடா அரசின் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை. அவர் தேடி வந்தது நிலக்கரியை. அதைத் தேடும்போது பாறைச் சரிவில் ஒரு பெரிய மண்டையோடு கண்ணில் பட்டது. ஊன் உண்ணும் டைனோசர் ஒன்றின் மண்டையோடு அது. 1905இல் அதற்கு ஆல்பர்ட்டோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆல்பர்ட்டா கனடாவின் மாகாணமாக ஆனதும் அதே ஆண்டில்தான். மியூசியத்துக்கு டிரெலின் பெயர் வந்தது இப்படித்தான். டிரெல் தேடிய நிலக்கரியும் கண்டெடுத்த எலும்பும் ஒரே பாறையில் இருந்தன. நிலக்கரி இந்த ஊரை உண்டாக்கியது. நிலக்கரி போன பிறகு எலும்பு அதைக் காப்பாற்றி வருகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் டிரம்ஹெல்லர் விளங்கும்.

அதனால்தான் மதியம் ஊருக்குள் போய்ச் சாப்பிட்டு ஓய்வெடுத்த பிறகு, மியூசியம் இருக்கும் பக்கம் திரும்பாமல் பத்தாம் எண் சாலையில் தென்கிழக்காகப் போகச் சொல்கிறேன். ஏறக்குறைய 16 கிலோமீட்டரில் ஹூடூக்கள் வரும். மென்மையான மணற்கல் தூண், அதன் தலையில் கடினமான ஒரு பாறைத் தொப்பி. தொப்பி மழையைத் தாங்குவதால் அதன் கீழே இருக்கும் தூண் மட்டும் கரையாமல் நிற்கிறது. சுற்றிலும் இருந்ததெல்லாம் கரைந்துபோயிற்று. ஆளைவிடப் பல மடங்கு உயரம். பழைய அஞ்சலட்டைகளில் அவற்றைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், நடைமேடையும் கம்பி வேலியும் இருப்பதைப் பார்த்து முகம் சுளிப்பதுண்டு. ஆனால் அந்த வேலி வேண்டும். தொப்பி விழுந்துவிட்டால் தூண் வெகுநாள் நிற்காது. மேலே ஏறி உட்கார்ந்து படமெடுத்தே எத்தனையோ பேர் அதைத் தேய்த்துவிட்டார்கள். இங்கே சில படிகள் உண்டு. உங்கள் கணவர் கீழே நின்றே நன்றாகப் பார்க்கலாம்.

அங்கிருந்து இன்னும் சில நிமிடம் போனால் ஈஸ்ட் கூலி. அட்லஸ் நிலக்கரிச் சுரங்கம் அங்கே தேசிய வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. முதல் நாளில் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான் என்பேன். டைனோசர் ஊருக்குப் போய்க் கரிச் சுரங்கமா என்று மகன் கேட்பார். கேட்கட்டும், அழைத்துப் போங்கள்.

1911 முதல் 1979 வரை இந்தப் பள்ளத்தாக்கில் 139 சுரங்கங்கள் பதிவாகியிருந்தன. பிரிட்டனிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த மனிதர்கள் நிலத்துக்கு அடியில் குனிந்து கரி வெட்டினார்கள். வெட்டி வண்டியில் ஏற்றிய எடைக்குத்தான் கூலி. பாறையை ஒதுக்குவதற்கும் முட்டுக்கட்டை நடுவதற்கும் போன நேரத்துக்குக் காசு கிடையாது. 1919இல் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தம் வன்முறையால் அடக்கப்பட்டது. அட்லஸில் நிற்கும் மரத்தாலான கரி ஏற்றும் கோபுரம், கனடாவில் இந்த வகையில் கடைசியாக எஞ்சியிருப்பது. வெயிலில் வெளுத்துப்போன பலகைகளால் ஆன அந்தக் கட்டிடத்துக்குள் வழிகாட்டியோடு போனால், கரி எப்படி மேலேறி வந்தது, சல்லடையில் எப்படி அளவு பிரிந்தது, கீழே நின்ற ரயில் பெட்டியில் எப்படிக் கொட்டியது என்று ஒவ்வொரு படியாகக் காட்டுவார்கள். குழந்தைகளுக்குப் பழைய சுரங்க எஞ்சின் இழுக்கும் சிறு ரயில் ஒன்றும் உண்டு. அதில் உங்கள் கணவரும் உட்கார்ந்து போகலாம். கோபுரத்துக்குள் மட்டும் ஏற்ற இறக்கம் இருக்கிறது. முன்பதிவு செய்யும்போதே முழங்கால் விஷயத்தைச் சொல்லி, எந்தச் சுற்று ஏற்றது என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் இது மூடியிருக்கும். நீங்கள் வருவது சரியான பருவம்.

1947 பிப்ரவரியில் எட்மண்டனுக்குப் பக்கத்தில் லெடுக் என்ற இடத்தில் எண்ணெய் கிடைத்தது. வீடுகள் எரிவாயுவுக்கு மாறின, ரயில்கள் டீசலுக்கு மாறின, கரியை வாங்க ஆளில்லை. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. அட்லஸ் 1979இல் கரி வெட்டுவதை நிறுத்தியது. ஆறு வருடம் கழித்து, 1985இல், டிரெல் மியூசியம் திறந்தது. 1990இல் 'ராயல்' என்ற அடைமொழி சேர்ந்தது. இந்த வரிசையை அறிந்துகொண்டு மறுநாள் காலை மியூசியத்துக்குப் போங்கள்.

மியூசியம் ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர் வடமேற்கே, மிட்லண்ட் மாகாணப் பூங்காவுக்குள் இருக்கிறது. அந்தப் பூங்காவும் பழைய சுரங்க நிலம்தான். டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டி எடுத்துவிடுங்கள், திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். பத்தரை மணிக்கு மேல் கோடைக்காலக் கூட்டம் வந்துவிடும். கட்டிடம் முழுவதும் சக்கர நாற்காலி போகும்படி அமைந்தது. உங்கள் கணவருக்கு நடக்க முடியும் என்றாலும் அன்றைக்கு ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இதில் கௌரவம் பார்க்க வேண்டாம். மியூசியத்தில் நிற்பதும் மெல்ல நகர்வதும்தான் முழங்காலை அதிகம் வாட்டும், நடை அல்ல.

உள்ளே எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். மூன்று இடங்களில் நேரத்தைச் செலவிடுங்கள், மற்றவற்றை நடந்துகொண்டே பார்த்தால் போதும்.

முதலாவது, போரியலோபெல்டா. 2011 மார்ச்சில் வட ஆல்பர்ட்டாவின் எண்ணெய் மணல் சுரங்கம் ஒன்றில், மண் அள்ளும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த தொழிலாளி ஷான் ஃபங்க் வழக்கத்துக்கு மாறான நிறத்தில் ஒரு பாறைக் கட்டி வருவதைப் பார்த்து இயந்திரத்தை நிறுத்தினார். அவர் நிறுத்தாமல் இருந்திருந்தால் உலகிலேயே மிக நன்றாகப் பாதுகாக்கப்பட்ட கவச டைனோசர் நொறுங்கிப் போயிருக்கும். பதினோரு கோடி வருடங்களுக்கு முன்பு இறந்த அந்த விலங்கு ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டுக் கடலில் மிதந்து, மல்லாந்து அடித்தரையில் மூழ்கியது. சேறு உடனே மூடிக்கொண்டதால் கவசத் தகடுகள் உயிரோடு இருந்தபோது எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில் இருக்கின்றன. எலும்புக்கூட்டைப் பார்க்கும்போது மனம் மேலே தசையையும் தோலையும் சேர்த்து ஒரு விலங்கைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. இதற்கு அந்த வேலையே இல்லை. கழுத்தைச் சற்றுத் திருப்பிப் படுத்திருக்கும் ஒரு விலங்கு உங்கள் முன்னால் இருக்கிறது. தோளிலிருந்து நீண்டு வளைந்த முள், அதைச் சுற்றிக் காசு காசாகச் சின்னத் தகடுகள், இடையிடையே செதில்கள். தோலில் எஞ்சியிருந்த வேதிப்பொருளை ஆராய்ந்து, முதுகு செம்பழுப்பாகவும் வயிறு வெளிறியும் இருந்திருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். அதன் வயிற்றில் கடைசியாகத் தின்ற பெரணிச் செடியின் எச்சங்கூட இருந்தது.

இந்த விலங்கின் முழுப் பெயர் போரியலோபெல்டா மார்க்மிட்செல்லி. பின்பாதிப் பெயர் மார்க் மிட்செல் என்ற மியூசியத் தொழில்நுட்பருடையது. பாறையைத் துளித்துளியாக நீக்கி இதை வெளியே கொண்டுவர அவருக்கு ஏழாயிரம் மணி நேரம் ஆயிற்று. கண்டுபிடித்த விஞ்ஞானிகளின் பெயரோ பணம் கொடுத்தவர்களின் பெயரோ வைப்பது வழக்கம். இங்கே கையால் வேலை செய்தவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். வகுப்பறையில் வாழ்நாளைச் செலவிட்ட உங்களுக்கு இதைப் பேத்தியிடம் எப்படிச் சொல்வது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, மியூசியத்தின் ஆய்வுக்கூடத்துக்கு வைத்திருக்கும் கண்ணாடி ஜன்னல். உள்ளே தொழில்நுட்பர்கள் வேலை செய்வதை வெளியே நின்று பார்க்கலாம். பல் மருத்துவர் வைத்திருப்பதைப் போன்ற சிறு கருவியால் ஒருவர் பாறையைத் தட்டுவார், தூசியை ஊதித் தள்ளுவார், மறுபடி தட்டுவார். கால் மணி நேரம் நின்றாலும் ஒன்றும் மாறியிருக்காது. பெரும்பாலோர் அரை நிமிடத்தில் நகர்ந்துவிடுகிறார்கள். போரியலோபெல்டாவைப் பார்த்த பிறகு இங்கே வந்தால், ஏழாயிரம் மணி நேரம் என்றால் என்ன என்று குழந்தைக்குப் புரியும்.

மூன்றாவது, 'பிளாக் பியூட்டி' என்று அழைக்கப்படும் டைரனோசாரஸ் ரெக்ஸ். பாறையிலிருந்த மாங்கனீசு ஏறி எலும்பு கறுப்பாகிவிட்டது. 1980இல் தென்மேற்கு ஆல்பர்ட்டாவில் குரோஸ்னெஸ்ட் பாஸ் பக்கம் இதைக் கண்டவர்கள் பள்ளி மாணவர்கள். பேத்தி அங்கிருந்து நகர மாட்டாள். விட்டுவிடுங்கள்.

எலும்புத் துண்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். எடுத்துவரக் கூடாது. ஆல்பர்ட்டாவில் கிடைக்கும் புதைபடிவம் எல்லாம் மாகாணத்துக்குச் சொந்தம். மாகாணப் பூங்காக்களில் கீழே கிடப்பதைப் பொறுக்குவதும் குற்றம். வேறு இடங்களில், நில உரிமையாளரின் அனுமதியோடு மேற்பரப்பில் கிடப்பதை எடுத்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அப்போதும் அது உங்கள் உடைமை ஆகாது, அனுமதியின்றி மாகாணத்தை விட்டு வெளியே கொண்டுபோகவும் முடியாது. தோண்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும். பெட்டியில் போட்டு இந்தியாவுக்குக் கொண்டுவருவது நினைத்தும் பார்க்கக் கூடாத விஷயம். சட்டத்தை விடுங்கள், எலும்பு கிடந்த இடத்தையும் அடுக்கையும் விட்டுப் பிரித்துவிட்டால் அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதில் முக்கால்வாசி போய்விடுகிறது.

ஆனால் குழந்தையிடம் "கூடாது" என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எலும்பைத் தேடவும் கண்டுபிடிக்கவும் அவளுக்கு முழு உரிமை உண்டு. எலும்பா கல்லா என்று எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொடுங்கள். உடைந்த பக்கத்தில் பஞ்சு போலச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். ஈர விரல் நுனியை வைத்தால் லேசாக ஒட்டும். கண்டுவிட்டால் எடுக்காமல், பக்கத்தில் ஒரு நாணயத்தை அளவுக்காக வைத்துப் படம் எடுத்து, இடத்தைத் தொலைபேசியில் குறித்துக்கொண்டு மியூசியத்துக்குத் தெரிவிக்கலாம். அப்படி வரும் செய்திகளை அவர்கள் மதித்துப் பார்க்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகவும் வழி உண்டு: உண்மையான புதைபடிவத்தின் அச்சில் குழந்தைகளே சுண்ணச்சாந்து ஊற்றிப் பிரதி செய்யும் நிகழ்ச்சியை மியூசியம் கோடையில் நடத்துகிறது. இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், டிக்கெட்டோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். அந்தப் பிரதி அவளுடையது, யாரும் கேட்க முடியாது.

மியூசியத்தின் வாசலிலிருந்தே தொடங்கி அங்கேயே முடியும் 1.4 கிலோமீட்டர் நடைபாதை ஒன்று உண்டு. மகனும் பேத்தியும் போய்வரட்டும். நீங்கள் இருவரும் நிழலில் உட்கார்ந்திருக்கலாம்.

மாலையில் 'டைனோசர் டிரெயில்' என்ற 48 கிலோமீட்டர் சுற்றுச் சாலையில் போங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கென்றே அமைந்தது போன்ற பாதை. காரில் உட்கார்ந்தே பெரும்பாலானதைப் பார்க்கலாம். வழியில் ஆறு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு குட்டித் தேவாலயம் வரும். பிறகு ஹார்ஸ்தீஃப் கேன்யன்; ஹார்ஸ்ஷூவைவிட இதுவே எனக்குப் பிடிக்கும், கூட்டமும் குறைவு. ஆனால் விளிம்பில் வேலி இல்லாத இடங்கள் இருக்கின்றன. குழந்தையின் கையை விடாதீர்கள். அதற்கப்பால் சாலை நேராக ரெட் டீர் ஆற்றுக்குள் இறங்கி முடிந்துவிடும். பயப்பட வேண்டாம். பிளெரியோ ஃபெர்ரி வந்து உங்கள் காரோடு அக்கரைக்குக் கொண்டுபோகும். ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பிவடத்தைப் பிடித்துக்கொண்டு நகரும் தட்டையான படகு இது. 1913 முதல் இந்தத் துறை இயங்குகிறது. ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதலில் கடந்த லூயி பிளெரியோவின் அண்ணன் தம்பிகளில் ஒருவர் இங்கே குடியேறியிருந்தார். அவர் பெயர்தான் படகுக்கு. கட்டணம் கிடையாது. சில நிமிடத்தில் அக்கரை வந்துவிடும். பேத்தி மறுபடி போகலாம் என்பாள். நேரமிருந்தால் போய்த் திரும்புங்கள்.

ஊருக்குள் நிற்கும் 26 மீட்டர் உயர ராட்சத டைனோசர் சிலையை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை, அதுவே கண்ணில் படும். 106 படி ஏறி அதன் வாய்க்குள் நின்று ஊரைப் பார்க்கலாம். மகனையும் பேத்தியையும் அனுப்பிவிட்டு நீங்கள் கீழே இருங்கள். ரோஸ்டேல் தொங்குபாலம், சுரங்கத் தொழிலாளர்கள் வேலைக்குப் போய்வந்த பாதை. ஆடும் பாலம் என்பதால் உங்கள் கணவருக்கு வேண்டாம். மற்றவர்களும் அன்றைக்குத் திறந்திருக்கிறதா என்று ஊர்த் தகவல் மையத்தில் விசாரித்துக்கொண்டு போகட்டும். ஆறு கிலோமீட்டருக்குள் பதினொரு பாலங்களைக் கடந்து போகும் வேய்ன் என்ற பழைய சுரங்க ஊரை நேரம் மிஞ்சினால் பாருங்கள்.

ஜூலையில் போவதென்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். பள்ளத்தாக்கின் மலைச்சரிவையே அரங்கமாக்கி, 1994 முதல் ஏசுவின் பாடுகளை நாடகமாக நடத்திவருகிறார்கள். மேடையும் பின்னணியும் உண்மையான குன்றுகள். நடிப்பவர்களில் மிகப் பலர் தொண்டர்கள். குதிரையும் ஆட்டு மந்தையும்கூட வரும். எந்தச் சமயத்தவராக இருந்தாலும், ஒரு சிற்றூர் தன் கையால் இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்வதைப் பார்ப்பது நல்ல அனுபவம். நம் ஊரில் விடிய விடிய நடக்கும் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சூழல் அந்நியமாகத் தோன்றாது. நாடகம் நெடுநேரம் நடக்கும், இருக்கைகள் வெட்டவெளியில். உங்கள் கணவருக்கு அதைத் தாங்க முடியுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நாடகம் இருக்கும் வார இறுதியில் அறை கிடைப்பது கடினம், அதையும் சேர்த்து யோசியுங்கள்.

சாப்பாடு. சிற்றூர், நம் சைவச் சாப்பாட்டை எதிர்பார்த்துப் போக வேண்டாம். பீட்சா, உருளைக்கிழங்கு வறுவல், சாலட் எங்கும் கிடைக்கும். இரண்டு நாளைக்கு அது போதாது. சமையலறை உள்ள அறையாக எடுங்கள். புளியோதரையும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டு, அரிசியும் ஒரு சிறு குக்கரும் காரில் வைத்துவிட்டால் கவலை இல்லை. தயிர், பால், காய்கறி ஊரிலேயே சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளலாம். பூங்காவில் மேசை போட்டிருக்கும் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

பெரம்பலூர் வெயிலைப் பார்த்தவர்கள் கனடா வெயிலை அலட்சியம் செய்வார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஜூலையில் பள்ளத்தாக்கில் 35 டிகிரி வரை போகும் நாட்கள் உண்டு. வெளிறிய பாறை வெப்பத்தைத் திருப்பி அடிக்கும், நிழல் கிடையாது, காற்று வறண்டிருப்பதால் வியர்ப்பதே தெரியாது. தொப்பி, தண்ணீர் இரண்டும் கையில் இருக்க வேண்டும். பன்னிரண்டு முதல் நான்கு வரை அறையிலோ மியூசியத்திலோ இருங்கள். அந்தப் பருவத்தில் இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஏழு மணிக்கு மேல் சாய்வான வெயில் விழும்போதுதான் பாறை அடுக்குகள் தெளிவாகத் தெரியும். ஓர் இரவு தங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவர்கள் இந்த நேரத்தில் நெடுஞ்சாலையில் இருப்பார்கள்.

மழை பெய்தால் பாறைப் பாதைகளில் கால் வைக்கவே வைக்காதீர்கள். பழைய எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான பென்டோனைட் என்ற களிமண் அங்கே எங்கும் கலந்திருக்கிறது. ஈரம் பட்டதும் ஊதிப் பெருத்து வழவழப்பாகிவிடும். நல்ல காலுள்ளவர்களே வழுக்கி விழுகிறார்கள். மழை நின்று காய ஒரு பகலாவது ஆகும். அன்றைக்கு மியூசியத்தை முன்னால் வைத்துக்கொண்டு நிலத்தை மறுநாளுக்குத் தள்ளிவிடுங்கள். நான் சொன்ன வரிசையை மாற்ற அது ஒன்றே தகுந்த காரணம்.

'டைனோசர் மாகாணப் பூங்கா' என்று ஓர் இடத்தை மகன் இணையத்தில் பார்த்துவிட்டு, அதையும் இதோடு சேர்த்துவிடலாம் என்று சொல்லக்கூடும். யுனெஸ்கோ 1979இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம் அது, மிக அருமையானது. ஆனால் அது புரூக்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில், டிரம்ஹெல்லரிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. இரண்டும் ஒன்று என்று நினைத்து வந்து ஏமாந்தவர்கள் உண்டு. அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். ஆகஸ்ட் வரை இருக்கிறீர்கள், நேரம் இருக்கிறது.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூலை முதல் தேதியை ஒட்டிய நாட்களும் ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமையோடு சேரும் வார இறுதியும் வேண்டாம். கனடாக்காரர்கள் எல்லாரும் விடுமுறையில் கிளம்பும் நாட்கள் அவை. மகனுக்கு வார நாளில் விடுப்புக் கிடைக்காவிட்டால், ஞாயிறு மதியம் போய்த் திங்கள் மாலை திரும்பும்படி ஒரே ஒரு நாள் விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள். ஞாயிறு மாலை நிலம், திங்கள் காலை மியூசியம். ஞாயிறு இரவு அறை வாடகையும் குறையும். தரைத்தளத்தில் அறை வேண்டும், குளியலறையில் பிடிமானம் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய விடுதிகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. நீங்கள் ஜூனில் வந்து இறங்கிய பிறகு தேடினால் தாமதம். இந்த வாரமே மகனிடம் பேசுங்கள்.